சிப்புக்கு வைத்த பொட்டு

நான் செய்துகொண்டிருந்த வேலையை வீட்டில் யாருக்கும் காட்ட முடியாது. கார்பன் நானோ குழாய் என்பது கரி அணுக்களாலான ஒரு தாளைச் சுருட்டியது மாதிரி இருக்கும். தலைமுடியைப் பல்லாயிரம் கீற்றாகக் கிழித்தால்தான் அந்த மெலிசு வரும். அதை வைத்து, கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற டிரான்சிஸ்டரை இன்னும் சின்னதாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் ஆசை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயின்ட் கம்பெனி நடத்துகிறவருக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மாடியில் ஒரு அறையைத் தூசி புகாமல் அடைத்து, உள்ளே ஒரு உலையையும் என்னையும் வைத்துவிட்டார்.

குழாய்கள் சொன்ன பேச்சு கேட்காது. உலைக்குள் வளரும்போதே இரண்டு ரகம் கலந்து வரும். ஒன்று சுவிட்சாக வேலை செய்யும். இன்னொன்று வெறும் கம்பி, எப்போதும் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கம்பி ரகத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் சுவிட்ச் அணையாது. அதே வாயு, அதே சூடு, இன்றைக்கு வந்தது நாளைக்கு வராது. ஏன் என்று எனக்கும் தெரியாது, உலைக்கும் தெரியாது.

வருடக்கணக்கில் இப்படி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, போன புரட்டாசியில், அந்தக் குழாய்களைப் பதித்த ஒரே ஒரு சிப் ஒழுங்காக வந்தது. ஆன் என்றால் ஆன், ஆஃப் என்றால் ஆஃப். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயுத பூஜை முடிந்ததும் பெங்களூரிலிருந்து பணம் போடுகிற ஆட்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்தால் வேலை தொடரும், இல்லாவிட்டால் அறையை மூடிவிடுவேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய், போனில் சிப்பின் படத்தை நைனாவுக்குக் காட்டினேன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சோழவரம் பக்கம் கழனி வேலையில் ஆரம்பித்து, இதே பேட்டையில் இரும்பு உருட்டும் ஆலையில் ரிட்டயர் ஆனவர்.

"இந்தத் துண்டா? ஒடஞ்ச கண்ணாடி மாரி கீது."

"இதுதான் நைனா. இதுக்குள்ளதான் எல்லாம் இருக்குது."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பேட்டையில் ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் தீபாவளி எல்லாம். அன்றைக்கு மட்டும் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களை கேட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். கலவை மிஷினுக்கு விபூதிப் பட்டை, லாரிக்கு மாலை, தராசுக்குக்கூடப் பொட்டு. மாடி அறைக்கு மட்டும் கதவில் வைத்தால் போதும், உள்ளே ஒருத்தரும் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் பூஜை நேரத்தில் எந்தக் கதவும் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பூட்டை எடுத்துவிட்டு, கதவைச் சும்மா சாத்தி வைத்தேன்.

கீழே பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலம் கொடுத்து முடித்து மேலே வந்தால் கதவு திறந்திருந்தது. உள்ளே நைனா. வெறுங்கால். கையில் சந்தனக் கிண்ணம். உலைக்கு மூன்று பட்டை போட்டாயிற்று. அளவெடுக்கும் ஊசிகளை ஒதுக்கி, அவற்றின் அடியில் இருந்த சிப்பின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார்.

"இன்னா நைனா பண்ணிட்ட?"

"எல்லா மிஷினுக்கும் வச்சிக்கினு இருக்காங்கோ, உன்னுது மட்டும் அம்போன்னு கெடக்குது. மனசு கேக்கலமா. செருப்ப வெளியவே உட்டுட்டுதான் வந்தேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்த வாயைத் திறந்தேன். அவருடைய ஆலையில் பக்கத்து மிஷின்காரருக்கு விரல்கள் போயின. இவருக்குப் பத்து விரலும் மிஞ்சியது வருஷா வருஷம் வைத்த பொட்டால்தான் என்று நம்புகிற மனிதர். அந்த விரலால்தான் இதற்கும் வைத்திருக்கிறார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குங்குமப் பொடி மலை மலையாகக் கிடந்தது. கழுவினால் குழாய்களும் சேர்ந்து போய்விடும். கழுவாவிட்டால் சந்தன ஈரத்திலிருக்கும் உப்பு ஒரு சுவிட்சையும் வேலை செய்ய விடாது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பொட்டைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி காரியமாப் பூடுச்சேமா. யாரத் திட்றது?" என்றார். அவராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மிச்சமிருந்த நாட்களில் உலையை விடாமல் ஓட்டினேன். வந்ததெல்லாம் கம்பி ரகம். பெங்களூர் ஆட்கள் வந்தார்கள், ஊசியை இறக்கினோம், திரையில் மின்சாரக் கோடு ஏறியதோடு சரி, ஆஃப் செய்தாலும் இறங்கவே இல்லை. மரியாதையாக டீ குடித்துவிட்டுப் போனார்கள். கார்த்திகை பிறப்பதற்குள் அறையைக் காலி செய்து பெயின்ட் டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள். எனக்குக் கீழே பெயின்ட் சோதிக்கிற வேலை.

நைனாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? நேற்றும் சாப்பிடும்போது கேட்டார்.

"உன் மிஷின் இன்னாமா, நல்லா ஓடுதா?"

"ஓடுது நைனா."

"ஓடும், ஓடும். வர்ற வருசமும் நானே வந்து வைக்கிறேன். வேற யாரயும் தொட உடாத."

சரி என்றேன்.