பலகைத் தேவாலயத்தில் ஒரு பிடி ரவை

சிட்னியில் மிருதங்கம் வாசிக்கப் போகிறவன் சாப்பாட்டுப் பெட்டியில் ரவை கொண்டுபோக வேண்டும். எனக்கு இது பழகிப்போன விஷயம், பார்க்கிறவர்களுக்குத்தான் புதினம். போன மாதம் ஹோக்ஸ்பரி ஆற்றுப் பக்கம், முழுக்கப் பலகையால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்றுக்கு வாசிக்கப் போனேன். உள்ளே உணவு கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே அறிவித்தல் தொங்கியது. பழைய மரத்தரையாம், எலி வந்துவிடுமாம். பெட்டியைக் கமக்கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு களவெடுத்தவன் மாதிரி உள்ளே நுழைந்தேன்.

வேலைநாட்களில் நான் பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர் கொண்ட ஒரு சிறிய இசைக்குழுவில் வாசிக்கிறேன். அதை நடத்துகிற ஹெலன், லூட் என்ற பழைய நரம்பு வாத்தியம் வாசிக்கிறவள். அவர்கள் பாடுவது ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட செபார்டிய யூதர்களின் பாட்டுகள். அதற்கும் மிருதங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், 'ஈஸ்டேர்ன் சவுண்ட்' என்கிறாள். ஸ்பெயினுக்குக் கிழக்கே எவ்வளவு தூரம் வந்தால் யாழ்ப்பாணம் வரும் என்று அவளுக்கு வரைபடம் காட்டவேண்டும்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டுக்கு நடுவில் அவள் ஊரை இழந்தவர்களைப் பற்றிப் பேசுவாள். பேசப்பேச அவளுடைய கண் என் பக்கம் திரும்பும். உன்னுடைய கதையையும் சொல்லட்டுமா என்று ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுவேன். மூன்றாம் கால வேகத்தில் நான் வாசிப்பதை யாராவது கவனித்தால் போதும், என் கதையைக் கேட்டு ஒருவரும் அழத் தேவையில்லை. ஒருநாள் கேட்காமல் சொன்னாளென்றால் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"உள்ளதைத்தானே சொல்லக் கேக்கிறா," என்றாள் அவள். "நீங்கள் என்ன, ஊர் சுத்திப் பாக்கவோ வந்தனீங்கள்?"

அன்றைக்கு அந்தத் தேவாலயத்தில் ரவையைத் தண்ணீரில் குழைத்து மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்பினேன். அது இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வெறும் தோல்தான், கும்கி என்கிற அந்த அடிக்குரல் நாதம் வராது. பிறகு காருக்குப் போய்க் கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பினால், ஈரத் துணியோடு ஒரு கிழவி நிற்கிறாள். தேவாலயத்தைப் பராமரிக்கிற மார்கரெட். யாரோ உன் மேளத்தில் கஞ்சியைக் கொட்டிவிட்டார்கள், துடைத்துவிட்டேன் என்று சிரித்தாள். நல்லகாலம், வலது பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டியிருக்கிற கறுப்பு வட்டத்தில் துணி படவில்லை. மிச்ச ரவையையும் பெட்டியோடு கொண்டுபோய் வெளிப்படியில் வைத்துவிட்டாள். கச்சேரிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "இது சாப்பாடு இல்லை," என்றேன், பஸ்ஸில் மணி அடித்த பிறகு இறங்காதவனிடம் பேசுகிற குரலில். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் இதற்கு நேர்மாறான பேச்சை நானும் ஒரு தேவாலயத்துக்குள் வைத்துத்தான் கேட்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தபோது சைவக்காரரான நாங்களும் ஒரு மாதா கோயிலில்தான் ஒதுங்கினோம். நான் சைக்கிள் கரியரில் மிருதங்கத்தைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நிவாரணத்தில் ரவை கொடுத்த அன்றைக்கு, ஒருவரும் பார்க்கவில்லை என்று ஒரு பிடி அள்ளினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மிருதங்கத்துக்குப் பூசவோ இது? பிள்ளையளுக்குக் கஞ்சியடா." விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஒட்டியிருந்ததையும் தட்டி எடுத்தார். அங்கே இருந்த நான்கு மாதமும் என் மிருதங்கம் ஒரு பக்கத்தால் மட்டும்தான் பேசியது.

இதை ஏன் மார்கரெட்டிடம் கொட்டினேனென்று தெரியவில்லை. கோபத்தில் வந்துவிட்டது. அவள் வெளியே போய்ப் பெட்டியை எடுத்துவந்து, தானே தண்ணீர் ஊற்றித் தந்தாள். திரும்பினால் பின்னால் ஹெலன்! முழுவதையும் கேட்டிருக்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. வாயைத் திறக்கும் முன்பே, கூடாது என்றேன்.

கச்சேரியில் வழக்கம்போல ஊரை இழந்தவர்கள் பற்றிய பேச்சு வந்தது. அவளுடைய கண் என்னிடம் வந்து நின்றது. தூக்கிக்கொண்டு போக ஆயத்தமாக நான் மிருதங்கத்தின் வாரைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவள் என் பெயரைப் பிழையாகச் சொன்னாள், 'டிரம்' என்றாள், உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். கேட்டது கிடைத்தும் சந்தோஷம் வரவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன், நினைத்த என் மேலேயே எரிச்சல் வந்தது. கும்கி நன்றாக விழுந்தது, பலகைத் தரை அதை வாங்கித் திருப்பித் தந்தது. முதல் வரிசையில் மார்கரெட் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுக்கவேண்டும், விட்டால் காய்ந்து தோலை இழுத்துவிடும். சுரண்டி உருட்டினேன். மார்கரெட் குப்பைக்கென்று டிஷ்யூ நீட்டினாள். கொடுக்க மனம் வரவில்லை, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சிட்னியில், டூங்கபியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதோ? ஒண்டும் மிச்சமில்லையோ?"

இல்லை என்றேன். பைக்குள் அது கல்லாகிக் கிடந்தது. இனி அதைக் கஞ்சி காய்ச்சவும் முடியாது, பூசி வாசிக்கவும் முடியாது. குசினிக் குப்பைவாளியின் மூடியை இரண்டு முறை திறந்து இரண்டு முறையும் மூடினேன்.