ஊசிக்கு நிரல் இல்லாத பக்கங்கள்

யுத்தம் முடிந்த வருஷம், என் மகளைக் காட்டுகிற கிளினிக்கிற்குப் புதிதாக ஓர் இளம் டாக்டர் வந்தார். முதலாம் வகைச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்த பிள்ளைகளின் வீடுகளில், அதை மாற்ற என்னென்ன வைத்தியம் தேடியிருக்கிறார்கள் என்று அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்களையும் எழுதித் தரச் சொன்னார். எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை, என்னிடம் எழுதி நிரப்பிய ஏழு கொப்பிகள் இருந்தன. நான் கணித ஆசிரியை. மழை பெய்தால்கூட எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கட்டம் போட்டு எழுதி வைக்கிற புத்தி எனக்கு. ஆறு கொப்பிகளைக் கட்டிக் கொடுத்தேன். இரண்டாவதைக் கொடுக்கவில்லை. அதைப் பிறகு தருகிறேன் என்றேன். ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆரையம்பதியில் எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில், கடலுக்கே கொஞ்சம் கிட்ட. சுனாமி வந்தபோது மகளுக்கு எட்டு வயது. என் கையிலிருந்து அவளைத் தண்ணீர் பறித்தது. அயல் வீட்டு மதிலடியில் அவளுடைய அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தெடுத்தார். உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். அழுவதற்கே ஆளில்லாமல் எத்தனையோ வீடுகள் போயின. எங்கள் வீட்டில் மூன்று பேரும் மிஞ்சினோம். அதற்காக நான் சந்தோஷப்பட்டதும் உண்டு, வெட்கப்பட்டதும் உண்டு.

சித்திரை பிறந்த கையோடு பிள்ளை தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். செம்பு செம்பாகக் குடித்தாள். சாப்பாட்டிலும் குறைவில்லை, ஆனால் சட்டை தோளில் நிற்கவில்லை. தண்ணீருக்குப் பயந்த பிள்ளை தண்ணீருக்கே அலைகிறது, இது பயந்த கோளாறு என்று அயலில் சொன்னார்கள். அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் தெய்வம் ஆடியவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். அவரும் அதையே சொன்னார். கையில் நூல் கட்டி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்து அனுப்பினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கடல் அடித்துப்போகப் பார்த்த பிள்ளைக்குப் பயம் பிடித்திருக்கிறது என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? பத்து நாள் கழித்து அவள் மூச்சு வாங்கி, வாயில் கனிந்த பழ மணம் வீச, கண் சொருகிக் கிடந்தாள். ஆட்டோவில் போட்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மூன்றாம் நாள்தான் என்னை அடையாளம் கண்டாள்.

கிளினிக்கின் பெரிய டாக்டர் பொறுமையான பெண். இந்த வருத்தம் வந்த பிள்ளைக்கு உடம்பு தானாக இன்சுலின் சுரக்காது, அதனால் ஆயுள் முழுக்க ஊசி போட வேண்டும், மாற்ற மருந்து இல்லை என்று விளக்கினார். 'இல்லை' என்ற சொல் எனக்கு ஆகாது. ஒரு கணக்குக்கு விடை இல்லை என்றால் இல்லை என்பதை நிறுவிக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் சண்டை பிடிக்கிறவள் நான். மருந்தை யாராவது தேடுகிறார்களா என்று கேட்டேன். உலகம் முழுக்கத் தேடுகிறார்கள் என்றார். அப்படியென்றால் நானும் தேடுவேன் என்று எழும்பி வந்துவிட்டேன். வருகிற வழியில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

கொப்பியில் ஐந்து நிரல்கள்: திகதி, சீனி, ஊசி, மருந்து, சாப்பாடு. சுனாமி நிவாரணத்துக்கு வந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் சீனி பார்க்கும் சின்ன மெஷினொன்று தந்திருந்தார். அதில் வருகிற இலக்கத்தை அப்படியே எழுதுவேன். பின்பக்கத்தில் பத்திரிகைத் துண்டுகளை ஒட்டினேன். எங்கோ ஒரு நாட்டில் எலிக்கு இந்த வருத்தம் மாறிவிட்டதாம், இன்னும் ஐந்து வருஷத்தில் மனிதருக்கும் வந்துவிடுமாம். அந்த ஐந்து வருஷம் ஒவ்வொரு வருஷமும் அப்படியே இருந்தது. எலியாகப் பிறந்திருந்தால் இந்நேரம் சுகப்பட்டிருப்பாள் என்று அவளுடைய அப்பாவிடம் எரிந்து விழுந்தேன்.

எலிக்கு வந்தது எங்களுக்கு வரும்வரை காத்திருக்க மனமில்லை. பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கசாயம், கோவை இலை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். கடைசியில் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரியாரியார் சிறுகுறிஞ்சா சேர்த்த தூள் ஒன்று தந்தார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், வெயில் ஏறுமுன் கொடுக்க வேண்டும். பத்தியம் கடுமை. மீன், புளி, தேங்காய்ப்பால், எந்த இனிப்பும் கூடாது. ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை, அதையும் போடுங்கள் என்றார். அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை.

ஆடி மாதம் சீனி இறங்கத் தொடங்கியது. நான் நம்பாமல் இரண்டு தரம் பார்த்தேன். இறங்கியது உண்மைதான். ஊசி அளவைக் குறைக்கக் குறைக்க இன்னும் இறங்கியது. கடைசியில் காலையில் இரண்டு யூனிட், மாலையில் ஒன்று. கொப்பியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் எல்லாப் பக்கத்தையும் பார்த்தார்.

"இது மாறினது இல்ல டீச்சர். உள்ளுக்க மிச்சம் கிடந்த கொஞ்சம் இப்ப வேலை செய்யுது. சில பிள்ளையளுக்கு இப்பிடி வரும், கொஞ்ச மாதத்தில முடிஞ்சிடும். ஊசிய மட்டும் விட்டிடாதீங்க."

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் எழுதுவது வழக்கம். இதை எழுதவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாவது கொப்பியைத் திறந்து புதிதாகக் கோடு போட்டேன். திகதி, சீனி, மருந்து, பத்தியம். நாலே நிரல். இரண்டு யூனிட்டும் ஓர் ஊசியா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஊசி போடுவதை நிறுத்தவில்லை, எழுதுவதை மட்டும் நிறுத்தினேன். பாடசாலையில் ஒரு பிள்ளை வழியை மறைத்து விடையை மட்டும் எழுதினால் சைபர் போடுகிறவள் செய்த வேலை இது.

ஆவணித் திருவிழாவுக்கு மண்டூர் போனோம், நேர்த்தியைக் கொடுக்க. குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். ஏறுமுன் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டி, ஊசிகளைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டார்கள். மகள் சட்டையைத் தூக்கி வயிற்றில் இருந்த ஊசிப் பொட்டுகளைக் காட்டினாள். மாறிவிட்டது என்று நேர்த்தி கொடுக்கப் போகிற எங்களுக்கு அந்த இடத்தில்கூட உறைக்கவில்லை.

கோயிலடியில் வெள்ளி உருவங்கள் விற்பார்கள். கண் வருத்தம் மாறினால் கண், கால் மாறினால் கால் வாங்கி வைப்பது வழக்கம். கணையம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் அப்படியொரு சாமானைக் கேள்விப்பட்டதே இல்லை. வயிற்றுக்குள் இருப்பது என்றேன். அப்படியென்றால் பிள்ளை வரம் கேட்கிறீர்களா என்று தொட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் முழு ஆள் உருவம் ஒன்றை வாங்கி வைத்தோம். அவளை அப்படிச் சிரிக்கக் கண்டு எத்தனையோ மாதம். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கத் தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடுதான் அடுத்த கிளினிக்கிற்குப் போனேன். வரிசையில் என் பக்கத்தில் மாங்கேணியிலிருந்து ஒரு தாய் இருந்தாள். கடற்றொழில் செய்கிற குடும்பம். அவளுடைய மகளுக்குப் பதினாலு வயது, அதே வருத்தம். வீட்டில் கரண்ட் இல்லை, ஊசி மருந்தை ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவதாகச் சொன்னாள். எந்த வைத்தியம் செய்தோம் என்று அவள் கேட்டதும் நான் கொப்பியை எடுத்து மடியில் விரித்துவிட்டேன். இலக்கங்கள் இறங்கி இறங்கி வருவதைக் கண்ணால் பார்த்தாள். ஒரு டீச்சர் எழுதியது, கோடு போட்டு, சிவப்பு மையில் கீழ்க்கோடு வேறு.

"ஊசி?" என்று கேட்டாள்.

"இப்ப பெரிசா இல்ல" என்றேன்.

அவள் என்னிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, மருந்தையும் பத்தியத்தையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினாள். மிச்சமிருந்த தூளில் பாதியை நானே அடுத்த தரம் கொண்டுவந்து கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிடாதீங்க என்று தடுத்தேன், உள்ளுக்குள் பிடித்திருந்தது.

கடல் வந்து ஒரு வருஷம் நிறைந்த மார்கழியில் சீனி ஏறியது. தூளை மறுபடி வாங்கிக் கூட்டிக் கொடுத்தேன், இன்னும் ஏறியது. எங்கள் பக்கத்தில் பரியாரி மருந்தில் யாரும் குற்றம் காண்பதில்லை. குற்றமெல்லாம் பத்தியத்தில்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் களவாக எதையோ தின்கிறாள் என்று பள்ளிக்கூடப் பைக்குள் கைவிட்டுத் தேடினேன், கூடப் படிக்கிற பிள்ளைகளை விசாரித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதும் அவளை நம்பவில்லை. டாக்டர் மறுபடி பொறுமையாகச் சொன்னார், ஊசி பழைய அளவுக்குப் போனது. மூன்றாவது கொப்பியில் ஐந்து நிரல் போட்டேன்.

கோடு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் மாங்கேணித் தாயின் நினைவு வந்தது. என் கை நின்றுவிட்டது. என் மகளுக்கு ஊசி போட்டுக்கொண்டேதான் அந்த இலக்கங்கள் இறங்கின. அவளிடம் போனதோ ஊசியே இல்லாத பக்கங்கள்.

தூள் கொடுத்த பிறகு அவளை நான் காணவே இல்லை. தையிலும் மாசியிலும்கூட அவள் கிளினிக்கிற்கு வரவில்லை. மருத்துவத் தாதியிடம் கேட்டேன், தெரியாது என்றார். மாங்கேணிப் பாடசாலைக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போகலாம் என்று புறப்பட்டால் இன்று வீதி பூட்டு, நாளைக்குச் சுற்றிவளைப்பு என்று ஏதாவது வரும். பிறகு சண்டை முற்றி, மாங்கேணி இருக்கிற வாகரைப் பக்கம் முழுவதுமாகப் பூட்டுப்பட்டது. வகுப்பில் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவே எனக்குக் கையோடவில்லை. என் பிள்ளையைத் தண்ணீர் விட்டுவைத்தது, இன்னொருத்தி பிள்ளையை நான் கொன்றுவிட்டேனா என்ற ஒரே கேள்விதான். இதை என் மகளுடைய அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் வாகரை இராணுவத்திடம் விழுந்தது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு முகாம்களுக்கு வந்து நிறைந்தது. பாடசாலை விட்டதும் நான் முகாம் முகாமாகப் போனேன். மாங்கேணிச் சனம் எங்கே, அதில் ஊசி போடுகிற பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டேன். மூன்றாவது முகாமில் ஒருவர் தறப்பாள் கொட்டில் ஒன்றைக் கைகாட்டினார்.

தாய் வாசலில் விறகு முறித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பாயில் மகள், மெலிந்து, உயர்ந்து, உயிரோடு இருந்தாள். நான் வாய் திறக்குமுன் தாய் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னில கோவிக்காதீங்க டீச்சர். உங்கட மருந்த நான்தான் பழுதாக்கிப்போட்டன். அந்த வெக்கத்திலதான் உங்கட கிளினிக்குக்கு வராம வேற ஆசுப்பத்திரிக்கு மாறினன்."

தாளில் எழுதியபடியே செய்திருக்கிறாள். என் கொப்பியில் ஊசி இல்லாததால் ஊசியையும் நிறுத்தியிருக்கிறாள். ஐந்தாம் நாள் பிள்ளை விழுந்துவிட்டாள். வள்ளத்திலும் பிறகு ஒரு லொறியிலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒரு கிழமை கழித்துத்தான் உயிர் திரும்பியது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பத்தியத்த முறிச்சிப்போட்டாள் டீச்சர். உங்கட பிள்ளைக்கு மாறினது இவளுக்கு ஏன் மாறல்ல? சுகம் வந்த பொறகு அடிச்சும் கேட்டன். ஒத்துக்கொள்றாள் இல்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை, பிள்ளையும் பிழைத்துக்கொண்டது. பாயில் இருந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்த விதத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"என்ட மகளுக்கும் மாறல்ல" என்றேன். "நீங்க கொப்பியப் பாத்த அண்டைக்கும் ஊசி போட்டுத்தான் கூட்டிவந்தன். அத எழுதாம விட்டது நான்."

அவள் என் கையை விட்டாள். முறித்த விறகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் டீச்சர் எழுதாம விட்டீங்க?"

"மாறிட்டுது எண்டு எழுதிப் பாக்க ஆசையா இருந்திச்சு."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். பிள்ளை தலையை நிமிர்த்தியிருந்தாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை.

"நான் அப்பவே சொன்னன்தானேம்மா" என்றாள், "ஒண்டும் திங்கல்ல எண்டு."