ஓனரம்மாவின் டேப்பில் மணி என்ன?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் இடத்தில் ஐடியில் வேலை என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். அட்வான்ஸைக் கூட்டிக் கேட்பார்கள், அது ஒரு பக்கம். அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தப் பெட்டியில் விளக்கு எரியாவிட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், ஒருமுறை கிரைண்டர். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில், சம்பளக் கணக்குப் போடுகிற மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிற ஆள். கிரைண்டருக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம்?

நூம்பலில் நாங்கள் குடியிருப்பது மாடி போர்ஷன். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கீழே ஓனரும் ஓனரம்மாவும். அவர்கள் இந்த ஊரிலேயே பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. இப்போது ஓனரின் முழு ஆட்சி தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் மேல்தான். அதை வேறு யாரும் தொடக்கூடாது. ஒரே மகள், கல்யாணமாகி அமெரிக்காவில் இருந்தாள்.

அந்த மகள் மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு ஓனரம்மா போவதாக ஏற்பாடு. ஓனர் வரமாட்டேன் என்றுவிட்டார். "நானும் பூட்டா மோட்டாரு யாரு போடுவா?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். வானகரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் ஓனரம்மாவின் விசாவுக்கு எல்லாம் செய்து கொடுத்திருந்தார். இன்டர்வியூ தேதி மெயிலில் வரும், வந்தவுடனே கொண்டுவந்து காட்டுங்கள் என்பது அவர் உத்தரவு. அந்த மெயில் இருந்தது ஒரே இடத்தில். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில். வீட்டில் எல்லோருக்கும் அது டேப்.

அந்த டேப்பில்தான் மெயில் வருவது நின்றுபோயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஓனரம்மா குரல் வந்தது.

"பாப்பா! கொஞ்சம் எறங்கி வாயேன்! இந்த டேப்பு சுத்திகினே கீது!"

போனேன். சமையலறை மேடையில், மசாலா டப்பாக்களுக்கு நடுவே, சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டருக்குக் கீழே டேப் ஒரு ஸ்டாண்டில் நின்றது. எண்ணெய் தெறிக்காமல் இருக்க மேலே பாலிதீன் கவர். மெயிலைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, மெயிலைக் கொண்டுவர முடியவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. கடைசியாக வந்திருந்தது ஒரு புடவைக் கடையின் ஆடித் தள்ளுபடி. இப்போது ஆவணி பாதி தாண்டிவிட்டது.

"ஆன்ட்டி, இதை உங்க மாப்பிள்ளைகிட்டயே கேட்டிருக்கலாமே. அவர்தானே வாங்கிக் கொடுத்தாரு?"

ஓனரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இன்னா பேசுற நீ? மாப்ள ஆசையா வாங்கியாந்து குடுத்த சாமான். அத்தப் போயி ரிப்பேரு ஆயிட்ச்சின்னு அவராண்டயே சொல்லுவாங்களா? மொகம் சுண்டிப் பூடும்."

"சரி, பொண்ணைக் கேளுங்க. பாஸ்வேர்டு அவங்களுக்குத் தெரியும்ல?"

"மாசமா கீற பொண்ணப் போயி டென்சன் பண்றதா? இங்க எல்லாம் ஜோரா நடக்குது, நீ சொம்மா இருடின்னு சொல்லி வச்சிகீறேன்."

ஆக, மெயில் கணக்கை டேப்பிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிற சுலபமான வழி அடைபட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் எடுத்தால் போட முடியாது. மாப்பிள்ளையிடம் மரியாதை, மகளிடம் பாசம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது மாடி போர்ஷன்காரி.

எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் முதல் மருந்து, அணைத்துவிட்டு மறுபடி போடுவது. போட்டேன். வைஃபையை மாற்றி என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். ஊஹூம். டேப்பில் இடம் இல்லாமல் திணறுகிறதோ என்று உள்ளே பார்த்தால், அடேயப்பா! காலை வணக்கம் சொல்லும் பூக்கள், கோலங்கள், பிரியாணி வீடியோக்கள். அழிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பஞ்சாயத்து.

"அந்த ரோசாப்பூவ தொடாத. அது சம்பந்தியம்மா அனுப்புனது."

"இது?"

"அது முருகரு. முருகர யாராச்சும் அழிப்பாங்களா?"

இதற்குள் ஓனர் டீக்கடையிலிருந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பின்னால் ஒருவர் நின்று பார்த்தால் எனக்கு ஆகாது. ஆபீஸில் மேனேஜர் நின்றாலே கை ஓடாது.

"பேட்டரியக் கயட்டி மாட்டு பாப்பா. எல்லாம் சரியாப் பூடும்."

"இதுல பேட்டரியைக் கழட்ட முடியாது அங்கிள்."

"கயட்ட முடியாத பேட்டரிய எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"உங்க மாப்பிள்ளை."

ஓனர் மோட்டுவளையைப் பார்த்தார். "நல்ல டேப்புதான்," என்றார்.

அந்த நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன். டேப்பின் மூலையில் தெரிந்த மணி அரை மணி நேரம் பின்னால் இருந்தது. அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள், நல்ல நேரம் தவறிவிடக் கூடாதென்று. ஓனரின் கைக்கடிகாரம் இன்னொரு கணக்கு. இந்த வீட்டில் டேப் மட்டும் சரியான நேரம் காட்ட வேண்டுமென்று என்ன தலையெழுத்து என்று நினைத்து, செட்டிங்ஸில் வேறு எதையெதையோ நோண்டிக்கொண்டிருந்தேன்.

டிராவல்ஸ்காரர் போன் பண்ணினார். ஓனரம்மா ஸ்பீக்கரில் போட்டார். "மெயில் இந்நேரம் வந்திருக்கணுமேம்மா. நல்லாப் பாருங்க. தேதியத் தவற விட்டா முதல்லருந்து வரிசையில நிக்கணும். பிரசவத்துக்கு முன்னாடி போய்ச் சேர முடியாது, சொல்லிட்டேன்" என்றார்.

ஓனரம்மா போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மொதப் பிரசவம் பாப்பா. வலி வந்து அம்மான்னு கத்துச்சின்னா, பக்கத்துல யாரு கீறா அதுக்கு?"

அதுவரை அந்த டேப் மேல் இருந்த எரிச்சலெல்லாம் என் மேலேயே திரும்பியது. பெரிய ஐடி! ஒரு மெயிலை வரவழைக்கத் துப்பில்லை. நாளைக்குக் காலையில் ஆபீஸ் போகும்முன் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். "முடிஞ்சுதா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார் என் வீட்டுக்காரர். பாவம், அவருக்குக் கிடைத்தது ஒரு முழு நாளின் திட்டு.

மறுநாள் காலை ஆபீஸ் கேப் வரும் நேரம். தலையை வாரியும் வாராமலும் கீழே ஓடினேன். ஓனரம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். டேப்பைத் தொட்டதும் திரையில் பெரிதாகக் கிழமை தெரிந்தது. ஞாயிறு.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ஆஹா, இன்றைக்கு லீவு, மேலே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று உடம்பே தளர்ந்துவிட்டது. அப்படியே நிமிர்ந்தால் தலைக்கு மேலே காலண்டர். முந்தின நாள் தாளைக் கிழித்தாகிவிட்டது. திங்கள்.

டேப்பைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன். மண்டையில் உறைத்தது. டேப் பின்னால் இருந்தது அரை மணி நேரமல்ல, பன்னிரண்டரை மணி நேரம்.

"ஆன்ட்டி! இதுல டைமை யார் மாத்துனது?"

"நாந்தான்," என்றார் ஓனரம்மா. முகத்தில் அப்படியொரு பெருமை. "அது நம்ம டைமு இல்ல பாப்பா, அவ ஊரு டைமு. ஆடியில மாத்துனேன். நானே செட்டிங்க்ஸ் போயி, ஒவ்வொண்ணா சுத்தி வச்சேன். காலையில இங்க இட்லி ஊத்துறப்போ அவளுக்கு அங்க ராச்சோறு துன்ற நேரம். சாயங்காலம் நா வெளக்கேத்தறப்போ அவ தூங்கிகினு இருப்பா, போன் பண்ணக் கூடாது. இத்தப் பாத்துகினுதான் நா சமைக்கறதே."

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஆன்ட்டி, மெயில் குடுக்கிறவன் முதல்ல உங்க டேப்புல மணி என்னன்னு பாப்பான். இந்தியாவுல உக்காந்துகிட்டு இன்னும் நேத்திக்கே இருக்கீங்கன்னா, இது ஏதோ திருட்டு ஆளுன்னு கதவை மூடிடுவான். ஆடியிலருந்து மூடித்தான் வச்சிருக்கான்!"

நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். வட்டம் ஒருமுறை சுற்றியது. அப்புறம் பாருங்கள், டிங் டிங் டிங் என்று ஆவணி மாத மெயில் முழுக்கக் கொட்டியது. புடவை, பல் ஆஸ்பத்திரி, மறுபடி புடவை. கீழே போய்க்கொண்டே இருந்தேன். வந்திருந்தது. இன்டர்வியூ அடுத்த வாரம், வியாழக்கிழமை.

ஓனரம்மா இட்லி மாவுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் ஆபீஸ் சுடிதாரின் முதுகில் இரண்டு கைகளும் அச்சாகப் பதிந்தன. மறு நிமிஷம் டேப்பைப் பார்த்தவர் முகம் விழுந்தது.

"அவ டைமு பூட்ச்சே பாப்பா."

வெளியே கேப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும் என்று உட்கார்ந்து, திரையில் இன்னொரு கடிகாரத்தை வைத்து, அதில் மகள் இருக்கிற ஊரைப் போட்டுக் கொடுத்தேன். மேலே நூம்பல், கீழே அமெரிக்கா. கேப் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில், முதுகில் மாவோடு ஆபீஸ் போனேன்.

விசா கிடைத்தது. ஓனரம்மா டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விமானம் ஏறினார். ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். வலி வந்தபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார்.

இங்கே ஓனர், "ஊடு இப்பதான் நிம்மதியா கீது. நச்சரிப்பு இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் யாரையும் தொடவிடாத அந்த மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோனார். வாரத்தில் பாதி நாள் எங்கள் தலைக்கு மேலே டேங்க் நிரம்பி வழியும். காலையில் என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் ஒரே கேள்விதான். "பாப்பா, அவளுக்கு ரிட்டன் டிக்கெட்டு எப்போன்னு உனுக்கு ஏதாச்சும் சொன்னாளா?"

ஒருநாள் காலை, கேப்புக்காக நான் வாசலில் நின்றபோது ஓனர் போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தார். மகளின் போனிலிருந்து வீடியோவில் ஓனரம்மா. பின்னால் ஜன்னலில் இருட்டு.

"பாப்பா, மெயிலு திரும்ப நின்னு பூட்ச்சி! மாப்ள ரிட்டன் டிக்கெட்ட மெயில்ல அனுப்பிகீறாரு. வந்துச்சா அத்தேன்னாரு. வந்துச்சின்னு சொல்லிட்டேன்."

"வரலைன்னு சொல்லிக் கேட்கிறதுதானே?"

"மாப்ளயாண்ட எப்டி சொல்றது?"

சரிதான். டேப்பைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொன்னேன். காட்டினார். மூலையில் மணி எட்டேகால். என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். எட்டேகால்.

"ஆன்ட்டி! மறுபடியும் மாத்திட்டீங்களா?"

"பின்ன? இங்க வந்ததும் நீ போட்ட ரெண்டு கடியாரமும் ஒரே டைமு காட்டுது, ஒண்ணுக்கும் ஒதவல. அத்தொட்டு நானே சுத்தி நம்ம ஊர் டைமு வச்சிகினேன். அந்த மனுசன் மாத்தர போட்டாரா, தூங்குனாரான்னு எனக்குத் தெரியணுமா வேணாமா? இப்போ எட்டேகாலு. டீக்கடையில பன்னு வாங்கி வெறும் வயித்துல துன்னுகினு இருப்பாரு."

ஓனர் மெல்வதை நிறுத்தினார். பன் கன்னத்தில் அப்படியே நின்றது.

"ஆன்ட்டி, செட்டிங்ஸ் போங்க," என்று ஆரம்பித்தேன். ஓனர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். பன்னை விழுங்கினார்.

"ஏ, அத்த மாத்தாத."

"அங்கிள், மாத்தலைன்னா டிக்கெட் மெயில் வராது. எந்தத் தேதின்னு தெரியாது. நீங்கதானே தினம் கேட்டீங்க?"

"வராட்டி போவுது பாப்பா," என்றார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "அந்த டைமு அப்டியே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் ஓனரம்மா டேப்பை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"யோவ், மொதல்ல போயி மோட்டார ஆஃப் பண்ணுய்யா. போட்டு அர மணி நேரம் ஆயிருக்கும்."

மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.