ஃபாஸில் சேரும் இரட்டைப் படிகங்களும்

மடவளையிலிருந்து ஃபாஸில் சேரின் மனைவியின் தம்பி போன் எடுத்தபோது நான் ஆய்வுகூடத்தில் பம்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். "மச்சான் விடிய சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிட்டாரு. பகல் லுஹர் தொழுகையோட அடக்கம்." எங்கள் கட்டுரையை அன்று, அந்தத் திங்கட்கிழமைதான், அனுப்புவதாகச் சேர் வாக்குக் கொடுத்திருந்தார். இதற்கும் ஒரு சாட்டுக் கண்டுபிடித்துவிட்டாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீத்தேனும் ஐதரசனும் கலந்த வாயுவில், சிலிக்கன் தகட்டின்மேல், தூசியிலும் சிறிய வைரங்களை வளர்ப்பது எங்கள் வேலை. அவர் விரிவுரையாளர், நான் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வரும் தொழில்நுட்ப அலுவலர். அவர் சேர்ந்த முதல் வாரம், வைரத்தூள் தேய்த்த தகட்டை அழுக்கென்று நினைத்துப் பளிச்சென்று கழுவி வைத்தேன். அந்தத் தூள்தான் விதை. நாள் முழுக்க ஓட்டியும் ஒன்றும் முளைக்கவில்லை. "நல்லாத்தான் கழுவி ஈக்கி," என்றார்; "இருக்கு" அவர் வாயில் "ஈக்கி". அதைவிட ஏசியிருக்கலாம்.

பிறகு வந்தது இரட்டைப் படிகத் தொல்லை. இரண்டு படிகங்கள் ஒரு முகத்தைப் பகிர்ந்துகொண்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராக வளரும். ஐந்து சேர்ந்தால் நட்சத்திரம். கணக்குப்படி நடுவே ஏழு பாகை இடைவெளி மிஞ்ச வேண்டும்; படிகம் தன்னை இழுத்து வளைத்து அதை மூடிக்கொள்ளும். மீத்தேன் கூடுவதால்தான் இவை வருகின்றன என்றேன் நான். மின்வெட்டில் வளர்ச்சி நின்று தொடர்வதால்தான் என்றார் அவர். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும், "இன்னம் ஒருக்கா பாக்க ஈக்கி, சந்திரன்," என்பார். மூன்று வருடம் இப்படியே போனது. என் பதவி உயர்வு அந்தக் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். பதிலுக்கு வட்டிலப்பத்தை நீட்டினார். கோபத்தோடேயே தின்றேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது அவரது மனைவி குறிப்புக் கொப்பியைத் தந்தார். மௌத்தாவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, தனியாக வந்து மீத்தேனைக் குறைத்து ஓட்டியிருக்கிறார். நடுவில் மின்வெட்டும் வந்திருக்கிறது. அப்படியும் இரட்டைகள் சொற்பம். கீழே அவரது கோணல் எழுத்து: "சந்திரன் சொன்னது சரி. மீத்தேன்தான். நாளை அனுப்ப வேண்டும்." அதற்கும் கீழே, வேறு பேனையில்: "இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு."

மனிசன் போயும் விடவில்லை.

பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு நாளை வெள்ளி கடைசி நாள். தப்பினால் அடுத்த வருடம்தான். நேற்றே அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இன்று காலை வந்து, தகட்டில் வைரத்தூள் தேய்த்து, மீத்தேனைக் குறைத்து, இயந்திரத்தைப் போட்டுவிட்டேன். உள்ளே வாயுவைச் சூடாக்கும் இழை சிவந்து எரிகிறது; ஓடி முடிந்து இரட்டைகளை எண்ணுவதற்குள் வெள்ளி தாண்டிவிடும். கட்டுரை நாளைக்கும் போகாது, சேர், எல்லாம் உங்களால்தான். தகட்டை இந்தமுறை அளவாகத்தான் கழுவினேன். போய் வாருங்கள்.