இரண்டு காதுக்காரர்

இரண்டு மெல்லிய தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடித்தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல்தாளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறார். நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கிறது. "வருது... வருது... தோ, உக்காந்துடுச்சு!" காதில் செருகிய தட்டைப் பென்சிலை உருவிக் குறித்துக்கொண்டு தெருவில் இறங்குகிறார். எண்ணி முப்பத்தேழு அடி நடந்து, தார்ச்சாலையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். அங்கே கடப்பாரை போட்டால், குழாய் பீறிட்டுக்கொண்டு கிடக்கிறது.

குடிநீர்க் குழாய் மண்ணுக்கடியில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்வது அவர் வேலை. குழாயின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஒலிவாங்கியை ஒட்டவைப்பார். ஒழுகும் இரைச்சல் கிட்ட இருக்கும் முனைக்கு முந்தியும், எட்ட இருக்கும் முனைக்குப் பிந்தியும் போய்ச் சேரும். அதை ஒலிவாங்கிகளோடு இணைத்த கருவிப்பெட்டி இரண்டு கோடுகளாக வரைந்து தரும். ஒரு கோட்டை எவ்வளவு நகர்த்தினால் மற்றதோடு பொருந்துகிறதோ, அதை வைத்து ஒழுக்கின் முகவரியைச் சொல்லிவிடலாம். நகர்த்தாமலே பொருந்திவிட்டால் ஒழுக்கு சரியாக நடுவில். இந்தக் கணக்கையும் பெட்டியே போட்டுவிடும்தான். ஆனால் தன் கையால் தாளை நகர்த்திப் பார்க்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு காது' என்றே பெயர்.

அதில் அவருக்குப் பெருமை வேறு. "பூகம்பம் எங்க கெளம்புச்சுன்னு பாக்கறவங்களும் இதத்தான் பண்றாங்க. நட்சத்திரம் பாக்கறவங்களும் இதத்தான். மூளை டாக்டரும் இதத்தான். என்ன, அவங்க ஏசி ரூம்ல உக்காந்து பண்றாங்க, நான் குழிக்குள்ள நின்னு பண்றேன்."

இதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். மாடிவீட்டு நாய் குரைத்து நாலு மணி நேரத்தில் தன் முழங்கால் வலிக்கிறது என்று தாளில் பொருத்திக் கண்டுபிடித்து, அதை டாக்டரிடமும் நீட்டினார். டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார். இவர் தைலத்தை நாய்க்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டில் ஒரு நோட்டு உண்டு. மனைவி வாயைத் திறந்தால் போதும், இவர் கை காதுக்குப் போகும். "என்னங்க, மேஜைக் கால் ஆடுது" என்பார் மனைவி. "இரு இரு, எழுதிக்கறேன். ஏழு பத்து." பாத்திரம் 'டங்'கென்று விழும். அதுவும் நோட்டில் ஏறும். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் கடைசி மூன்று மாதம் இப்படி நிமிஷ சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது.

ஒன்பது நாளைக்கு முன்னால் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டார். நேற்று வாசலோரம் அவருடைய துணிப்பெட்டி வந்து உட்கார்ந்தது. தங்கை வீட்டுக்கு, சனிக்கிழமை காலை பஸ். செய்தி மைத்துனர் மூலமாகத்தான் வந்தது. எப்போது திரும்புவார் என்று மைத்துனருக்கும் தெரியவில்லை.

"ஏன் கோவம்னு அக்காகிட்டயே கேட்டுருங்களேன் மாமா" என்றார் மைத்துனர். சுண்ணக்குறியில் கடப்பாரை போடுபவர் அவர்தான்.

"ஒரு முனைல மட்டும் கேட்டா எடம் தெரியாது மாப்ளே."

"எடம் எதுக்கு மாமா? காரணம் தெரிஞ்சா போதாதா?"

இதெல்லாம் அவர் காதில் ஏறுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு தாளில் மூன்று மாதப் பாத்திரச் சத்தம். இன்னொரு தாளில் தன் குற்றங்கள். தாமதமாக வந்த நாள்களை வரைந்து நகர்த்தினார், உட்காரவில்லை. குறட்டை, இல்லை. மச்சினியின் பிறந்தநாளை மறந்தது, அதுவும் இல்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வேறு பாவம் எதுவும் கைவசம் இல்லாததால், தான் 'இரு இரு, எழுதிக்கறேன்' என்ற நேரங்களையே வரைந்து கண்ணாடியில் வைத்தார்.

நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் தொழில்காரர் ஆயிற்றே! நகர்த்தாமல் பொருந்தினால் ஒழுக்கு நடுவில். எழுந்துபோய் அளவு நாடாவை எடுத்து வந்தார். சாப்பாட்டு மேஜையில் மனைவியின் நாற்காலியிலிருந்து தன் நாற்காலி வரைக்கும் அளந்தார். நடுவில் குறி போடப் போனால், அங்கே நோட்டு கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று தேடினார். வெறும் மேஜைதான் இருந்தது. பெருக்கல் குறி போட்டுவிட்டு அதன்மேல் காதை வைத்தார். மேஜை ஆடியது. டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் நோட்டில் கொட்டியது.

பதறிப்போய் ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தார். மேஜைக் கால் ஆடுது, ஏழு பத்து. மேஜைக் கால் ஆடுது, எட்டு இருபது. மேஜைக் கால் ஆடுது, ஆறு ஐம்பத்தைந்து. துடைக்கத் துடைக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மனைவி நின்றிருந்தார்.

"பதினாலு தடவ சொல்லியிருக்கியா?"

"பதினஞ்சு" என்றார் மனைவி. ஒன்பது நாளில் முதல் வார்த்தை. "ஒரு தடவ உங்க பென்சில் ஒடஞ்சிருந்துச்சு."

அவர் ஈர நோட்டை இரண்டாக மடித்தார். மண்டி போட்டு, மேஜைக் காலுக்கு அடியில் திணித்தார்.

மனைவி வந்து மேஜையை ஒரு கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு எதிர் மூலையையும் அழுத்தினார்.

"அந்தக் காலும் லேசா ஆடுதுங்க."

அவர் கை பழக்கதோஷத்தில் காதுக்குப் போய்ப் பென்சிலை உருவியது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் ஒரு கணம் அந்தத் தட்டைப் பென்சிலைப் பார்த்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, அதை அந்தக் காலுக்கு அடியில் செருகினார்.