தயிர்ச் சட்டியில் மல்லி

புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பேச்சியம்மா, 2014 சித்திரையில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்தார். கீழே கடை நடத்தும் ருக்கியாதான் வீட்டுக்காரி. அறைக்கு ஒரே ஜன்னல். காலை வெயில் பத்தரை மணிவரை உள்ளே விழும். வெளியே கால் வைக்க மண் கிடையாது, தார் வீதிதான்.

இரண்டாம் வாரம் ருக்கியா வந்து ஜன்னலடியை அளந்து பார்த்தார்.

"பேச்சியக்கா, பீங்கான் அலுமாரி வைக்கக் கீழ இடமில்ல. இதுல வெக்கப் போறன்."

"வெளிச்சத்த மறைச்சிட்டா நான் இருட்டுக்குள்ளயா குந்தியிருக்கிறது? ஜன்னல எனக்கு விடுங்க. ஒங்க சமையலுக்கு மல்லியும் புதினாவும் இங்கயே வளத்துத் தர்றேன்."

"ஊட்டுக்குள்ளயா? தேயில மலயயும் மேல ஏத்துவீங்க போல!" ருக்கியா சிரித்தார். "சரி. மொத நோன்பண்டு கஞ்சிக்கு எல இந்த ஜன்னலால வரோணும். வராட்டி அலுமாரிதான்."

ரமழான் நோன்புக்குப் பத்து வாரம் இருந்தது.

பேச்சியம்மா வீட்டுக்குள் எதையும் வளர்த்தவரல்ல. ஆனால் செடியின் குணம் தன் விரலுக்குத் தெரியும் என்று நம்பினார். கடையில் கழிந்த மண் தயிர்ச் சட்டிகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஆணியால் துளையிட்டார். ஊறாத சட்டி விரிசல்விடும் என்பதை இரண்டை உடைத்துத் தெரிந்துகொண்டார். சமையலறைக் கொத்தமல்லியைப் போத்தலால் உருட்டி இரண்டாக உடைத்து விதைத்தார். சந்தைப் புதினாத் தண்டைத் தண்ணீரில் நிறுத்தி, வேர்விட்டதும் நட்டார்.

நாலு வாரத்தில் இரண்டும் தளதளவென்று நின்றன. செடி நன்றாகப் படரட்டும் என்று பேச்சியம்மா நடுக் குருத்துகளைக் கிள்ளினார். புதினா, கிள்ளிய இடத்துக்கு இரண்டு கிளை விட்டது. மல்லி அப்படியே நின்றது. பத்து நாளில் மஞ்சளாகிச் சாய்ந்தது.

"அலுமாரிக்குத் தூசி தட்டட்டா?" என்றார் ருக்கியா.

"தட்டுங்க. தூசி தட்டுறது நல்லதுதானே."

மண்ணையோ தண்ணீரையோ பேச்சியம்மா குறை சொல்லவில்லை. ஓரத்தில் கிள்ளாமல் தப்பிய ஒரு செடி இருந்தது. அதன் ஆகப் புதிய இலையில் சிவப்பு நூல் கட்டினார். மூன்றாம் நாள், நூல் கட்டிய இலைக்கு உட்புறமாக இன்னொன்று எழுந்திருந்தது. தேயிலையில் நுனியை எடுத்தால் பக்கத்தில் துளிர் வெடிக்கும். மல்லிக்கு எல்லாமே நடுவிலிருந்துதான். ஓரத்து இலைகள் வளர்ந்து முடிந்தவை. எடுக்க வேண்டியவை அவைதான்.

மறுபடி விதைத்தார், வாரத்துக்கு ஒரு சட்டியாக. புத்திக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. சட்டியருகே போனாலே விரல்கள் நடுக் குருத்துக்குத்தான் போயின. அதனால் தையல் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

முதல் நோன்பன்று பின்னேரம் கீழே இறங்கினார். புதினா ஒரு கூடை. மல்லி ஒரு கைப்பிடி.

"மல்லி இவ்வளவுதானா? மேல சட்டி நெறய இரிக்கே. புடுங்கிட்டு வாங்களேன்."

"புடுங்க மாட்டேன். புடுங்கினா இன்னிக்கி மட்டுந்தான். ஓரத்துல வெட்டினா நோன்பு முடியிற மட்டும் தருவேன். ஒங்க கஞ்சி இன்னிக்கோட முடிஞ்சிருதா?"

நோன்போடு ருசி பார்க்க முடியாது. ருக்கியா இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். பிறகு முழுவதையும் கஞ்சிப் பானையில் தூவினார்.

"ஒரு நாள் தவறட்டும், அலுமாரிய நானே தூக்கிட்டு வாறன்."

"ஒங்களால தூக்க முடியாதும்மா. ஆள் கூப்பிடுங்க."

பெருநாள் பிறை கண்ட நாள்வரை மல்லி தவறவில்லை. பெருநாள் முடிந்து அலுமாரி மேலே வந்தது, நாலு பேர் தூக்க. கட்டில் கிடந்த சுவரோரம் அதை நிறுத்தினார்கள். கட்டில் ஜன்னலடிக்குப் போனது. உட்கார்ந்தபடியே சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று, அந்த ஏற்பாட்டைச் சொன்னவர் பேச்சியம்மாதான்.