என் இடத்தைத் தம்பிக்குக் கேட்ட நாள்

மருத்துவப் படிப்பு கிடைத்த செய்தி கைப்பேசியில் வந்தபோது நானும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் இரட்டையர்கள், நான் கொஞ்சம் முந்திப் பிறந்தவள். இருவருமே மருத்துவத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தோம். அவனுக்குக் கிடைத்தது கிழக்குக் கரையில் மீன் வளர்ப்புப் படிப்பு. என் மதிப்பெண்கள் அவனுடையதைவிடக் கூடுதல். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத்தான் கட்டிக்கொண்டார். "சத்தம் போடாத பாப்பா. அவன் முகத்தப் பாரு."

சாமான் வாங்கியதும் அப்படித்தான், கமுக்கமாக. வெள்ளைக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து, விடுதிக்குப் போர்வை, வாளி. கோட்டை மற்ற உடுப்புகளுக்குப் பின்னால் மாட்டச் சொன்னார் அம்மா. கல்லூரியில் சேரத் தடுப்பூசி போட்ட கை வலிக்க வலிக்க, பெட்டியை நானே அடுக்கினேன்.

அப்பா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு சனிக்கிழமை, "பெரியவர் ஒருத்தரப் பாத்து ஆசி வாங்கிட்டு வரலாம், ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார். காரில் கெப்பாலா பத்தாஸ் ஊருக்குப் போனோம். கல்வி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. எனக்குத்தான் ஆசி என்று நினைத்துப் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

தேநீர் வந்தது. பெரியவர் என்னை வாழ்த்தினார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், பையனுக்கு அப்பீல் போட்டிருக்கோம். கெடைக்கலன்னா, இவ சீட்ட அவனுக்கு மாத்த வழி இருக்கா? இவ பொம்பளப் பிள்ள. டீச்சர் வேல போதும் லா."

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பஸ் டிக்கெட்டா இது, மாத்திக் குடுக்க? அவ மார்க்குக்கு அவளுக்குக் கெடைச்சது. சரி, மகளக் கேட்டீங்களா?"

"ஒத்துக்குவா சார். அடக்கமான பிள்ள."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒத்துக்க மாட்டேன் சார்," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காருக்கு எண்ணெய் போட அப்பா இறங்கினார். பின்னிருக்கையில் நானும் தம்பியும் மட்டும்.

"இதுக்குத்தான் போறோம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "ஒருவேள கெடைச்சிட்டா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன், அக்கா."

அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"பெரிய மனுசன் முன்னாடி என் மானத்த வாங்கிட்டா," என்று அப்பா வீட்டில் கத்தினார். ஒரு சாரி சொல்லிவிடு என்று அம்மா கெஞ்சினார். நான் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அப்பா எல்லாரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நம்ம வீட்டுல டாக்டர் வரப் போறாங்க." கேட்டவர்கள் அவர் கையைக் குலுக்கினார்கள். மறுநாள் காலை கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் கண்ணைத் தாழ்த்தினார்.

முதலாண்டு முடிந்துவிட்டது. தம்பி மீன் படிப்பில்தான் இருக்கிறான். அப்பாவுக்கு முட்டி வலி வந்தால் எனக்குத்தான் போன் செய்கிறார். என்ன மருந்து, எந்தப் பரிசோதனை என்று தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். அவர் வேறு பேச்சு எடுப்பதற்குள் போனை வைத்துவிடுகிறேன்.